3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஹைலக்ஸ்: வாங்கலாமா, வைத்திருக்கலாமா?

தோட்டப்புறங்களில் எந்த நிறுவனத்தின் பிக்அப் வாகனமாக இருந்தாலும் அதை 'ஹைலக்ஸ்' என்றே பலர் அழைப்பார்கள். செம்பனைக் குலை ஏற்றுவது, உர மூட்டை கொண்டு செல்வது, கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்குவது, கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் ஏற்றுவது என எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வண்டிதான்.

அது ஒரு நாள் பட்டறையில் நின்றால் குடும்பத்தின் அன்றைய வருமானமும் நின்றுவிடும். வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்ப்பது வழக்கம். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடி, குலையின் தரம் குறையும். ஆகவே சிறு தோட்டக்காரருக்கும் குத்தகையாளருக்கும் வண்டியின் நம்பகத்தன்மை என்பது நேரடியாகப் பணக் கணக்கு.

புதிய நான்கு சக்கர இயக்க, இரட்டைக் கேபின் பிக்அப்பின் விலை 1 லட்சம் வெள்ளியைத் தாண்டிவிட்டது. அதனால் 10, 15 ஆண்டு ஓடிய வண்டியையே பலர் வாங்குகிறார்கள்; அல்லது கையில் இருப்பதையே இன்னும் சில ஆண்டு ஓட்டப் பார்க்கிறார்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை, சாலையில் இன்றும் அதிகம் காணப்படும் 'வீகோ' தலைமுறை ஹைலக்ஸை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

எந்த வண்டி, எந்த எஞ்சின்?

தொயோத்தா நிறுவனம் முதல் ஹைலக்ஸை 1968ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியிட்டது. 'வீகோ' எனப்படும் ஏழாம் தலைமுறை 2004ஆம் ஆண்டு தாய்லாந்தில் அறிமுகமாகி, பின்னர் மலேசியாவுக்கும் வந்தது. அதில் 2.5 லிட்டர் 2கேடி, 3.0 லிட்டர் 1கேடி என்ற இரு டீசல் எஞ்சின்கள் பரவலாக உள்ளன. 2016ஆம் ஆண்டு மலேசியாவுக்கு வந்த அடுத்த தலைமுறையில் ஜிடி வகை எஞ்சின்கள் இடம்பெற்றன.

இந்த வேறுபாடு முக்கியமானது. கேடி எஞ்சின்களில் ரப்பர் டைமிங் பெல்ட் உண்டு. ஜிடி எஞ்சின்களில் அதற்குப் பதில் இரும்புச் சங்கிலி இருக்கிறது. வண்டி வாங்குவதற்கு முன்பே எந்த எஞ்சின் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மீட்டர் சொல்லாத கணக்கு

பழைய வண்டியைப் பார்க்கப் போகிறவர் முதலில் மீட்டரைத்தான் பார்ப்பார். ஆனால் எஞ்சின் எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதைக் கிலோமீட்டர் மட்டும் சொல்லிவிடாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நெடுஞ்சாலையில் சராசரியாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் எஞ்சின் 3,750 மணி நேரம் உழைத்திருக்கும். தோட்டத்துச் செம்மண் சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 1 லட்சம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியின் எஞ்சினோ 5,000 மணி நேரம் உழைத்திருக்கும். தூசி, சுமை, முதல் கியர் ஏற்றம் எல்லாம் இதற்கு மேல்.

அதாவது மீட்டரில் குறைவாகக் காட்டும் வண்டி அதிகம் தேய்ந்திருக்கலாம். மீட்டரையே திருப்பி வைக்கும் மோசடியும் நடக்கிறது. எனவே எவ்வளவு ஓடியது என்பதோடு, எங்கே ஓடியது, எப்போது என்ன மாற்றப்பட்டது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

எஞ்சின் எண்ணெயும் ஒரு செப்பு வளையமும்

நிறுவனத்தின் வழக்கமான பராமரிப்பு இடைவெளி 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், இவற்றில் எது முன்னதோ அது. அதிகச் சுமை, தூசி, மெதுவான ஓட்டம் ஆகியவை சேர்ந்த தோட்ட வேலைக்கு இது நீண்ட இடைவெளி. அத்தகைய வண்டிக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயையும் ஆயில் பில்டரையும் மாற்றுவது நல்லது. கேடி எஞ்சினுக்கு ஒருமுறைக்கு ஏறக்குறைய 7 லிட்டர் எண்ணெய் தேவைப்படும்.

டீசல் எஞ்சின் எண்ணெய் சில நாட்களிலேயே கறுத்துவிடும். அது இயல்பு, பயப்படத் தேவையில்லை. ஆனால் மாற்றிய சில வாரங்களிலேயே எண்ணெய் தார் போலக் கெட்டியானால் அது அபாய அறிகுறி.

அதிக தூரம் ஓடிய கேடி எஞ்சின்களில் நன்கு அறியப்பட்ட ஒரு கோளாறு இதுதான். டீசலைத் தெளிக்கும் ஒவ்வோர் இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு சிறிய செப்பு வளையம் உண்டு. அது தேய்ந்து கசிந்தால், எரிந்த வாயுவும் கரியும் மேலேறி எஞ்சின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் கெட்டியாகி, எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள உறிஞ்சு வலையில் கரி அடைக்கும். எண்ணெய் அழுத்தம் விழும். பேரிங்குகள் எண்ணெயின்றி ஓடி, முழு எஞ்சினும் பழுதாகிவிடும்.

சில வெள்ளி பெறும் வளையம் ஓர் எஞ்சினையே சாய்க்கும் கதை இது. காலைக் குளிரில் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டுவது, தலைப்பகுதியில் 'சஃப் சஃப்' என்று காற்று கசியும் ஓசை, எண்ணெய் விளக்கு தாமதமாக அணைவது ஆகியவற்றைக் கவனித்தால் உடனே சோதிக்க வேண்டும். இன்ஜெக்டரை எக்காரணத்துக்காகக் கழற்றினாலும் செப்பு வளையங்களைப் புதிதாகவே போட வேண்டும். பழையதைத் துடைத்துவிட்டு மறுபடியும் போடக்கூடாது. வரலாறு தெரியாத வண்டியை வாங்கியவர்கள், எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி உறிஞ்சு வலையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டைமிங் பெல்ட்: எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்பாதீர்கள்

கேடி எஞ்சினின் டைமிங் பெல்ட்டைப் பொதுவாக 150,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். தூசியிலும் சுமையிலும் ஓடும் வண்டிக்கு 100,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது பாதுகாப்பானது. பெல்ட் ஓடும்போது அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதும். அதன் பிறகு ஆகும் செலவு பெல்ட் செலவைப்போல் பல மடங்கு.

மாற்றும் நேரம் வந்ததும் மீட்டர் பலகையில் 'டி-பெல்ட்' விளக்கு எரியும். ஆனால் பெல்ட்டை மாற்றாமலேயே அந்த விளக்கை அணைத்துவிட முடியும். ஆகவே பழைய வண்டி வாங்கும்போது விளக்கு எரியவில்லை என்பது பெல்ட் மாற்றப்பட்டதற்குச் சான்றாகாது. பட்டறை ரசீது இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொண்டு, வாங்கிய முதல் வாரத்தில் மாற்றிவிட வேண்டும். இழுவை உருளையையும் இழுப்பானையும் சேர்த்தே மாற்றுவது முறை.

மிட்சுபிஷி டிரைட்டனின் பழைய 4டி56 எஞ்சினில் இன்னொரு சிறிய பெல்ட்டும் உண்டு. அதிர்வைக் குறைக்கும் தண்டுக்கான அந்தப் பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் அதே விபத்துதான். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். இசூசு டி-மேக்ஸின் 4ஜேஜே1 எஞ்சினில் சங்கிலி இருப்பதால் இந்தக் கவலை குறைவு. ஆனால் எண்ணெயைக் கவனிக்காவிட்டால் சங்கிலியும் தளரும்.

டீசலும் தண்ணீரும்

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு முதல் பி10 டீசல், அதாவது 10 விழுக்காடு செம்பனை எரிபொருள் கலந்த டீசல், நடைமுறையில் உள்ளது. இந்தக் கலவை சாதாரண டீசலைவிட ஈரத்தைச் சற்று அதிகம் ஈர்க்கும். பழைய தொட்டியில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். இதனால் பழைய வண்டிகளில் டீசல் பில்டர் எதிர்பார்த்ததைவிட விரைவில் அடைபடலாம்.

எனவே அதிக தூரம் ஓடிய வண்டியில் 10,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள் டீசல் பில்டரை மாற்ற வேண்டும். பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை மாதம் ஒருமுறை வடித்துவிட வேண்டும். பல நாள் நிற்கப்போகும் வண்டியின் தொட்டியைக் காலியாக விடாமல் நிரப்பி வைத்தால் உட்புறம் ஈரம் படிவது குறையும். தோட்டத்தில் டிரம்மிலிருந்து டீசல் ஊற்றுபவர்கள் அடித்தட்டு டீசலை ஊற்றக்கூடாது. தண்ணீரும் மண்ணும் அங்கேதான் தங்கும்.

தண்ணீர் கலந்த டீசல் உயர் அழுத்தப் பம்பையும் இன்ஜெக்டர்களையும் அரித்துவிடும். இவ்வகை வண்டியில் அதிகச் செலவு வைக்கும் பாகங்களில் இவை முதலிடம் பெறுபவை. நின்றபடி ஓடும் எஞ்சினின் வேகம் ஏறி இறங்கினாலோ, சிக்னலில் திடீரென்று அணைந்தாலோ, இன்ஜெக்டர்களைக் குறைசொல்லும் முன் பில்டரையும் பம்பிலுள்ள கட்டுப்பாட்டு வால்வையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சிறிய செலவில் முடிந்துவிடும்.

2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தது நினைவிருக்கலாம். அதன் பிறகு, அடைபட்ட காற்று பில்டரோடு கறும்புகை விட்டு ஓடும் ஒவ்வொரு நாளும் கூடுதல் செலவுதான்.

தூசியும் சூடும்

வறண்ட காலத்தில் செம்மண் சாலையில் ஓடும் வண்டியின் காற்று பில்டரை வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சுத்தம் செய்யும்போது காற்றை உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் தூசி உள்ளே இறங்கும். மூடியின் ரப்பர் ஓரம் சரியாக அமர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மண்தூசி உள்ளே போனால் சிலிண்டரும் டர்போவும் உப்புத்தாளில் தேய்த்ததுபோல் தேயும்.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ ஊற்றுவது பழைய பழக்கம். அதிலுள்ள உப்பும் மண்ணும் உட்புறம் படிந்து, துருவை வளர்த்து, நீரோட்டத்தை அடைக்கும். குறிப்பிட்ட குளிர்விப்பானையே பயன்படுத்த வேண்டும். ரேடியேட்டரின் முன்புறம் லாலான் புல் பஞ்சும் சேறும் அடைத்துக்கொள்வதும் உண்டு. குறைந்த அழுத்தத்தில் நீர் அடித்துக் கழுவலாம். அதிக அழுத்தத்தில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

மீட்டரில் சூடு ஏறினால் 'வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்' என்று ஓட்டக்கூடாது. சிலிண்டர் தலை வளைவதற்குச் சில நிமிடங்கள் போதும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதும் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ரிங்லெட் போன்ற மலைச் சாலைகளில் சுமையோடு ஏறி வந்த வண்டியை நிறுத்திய உடனே அணைக்காமல், ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட வேண்டும். டர்போவில் எண்ணெய் வெந்து கரியாகாமல் இது காக்கும். இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும்.

சுமை, உரம், துரு

பெரும்பாலான இரட்டைக் கேபின் பிக்அப்களின் அனுமதிக்கப்பட்ட சுமை, உள்ளே அமர்ந்திருப்பவர்களையும் சேர்த்து, ஏறக்குறைய 1 டன்னுக்குள்தான். முதிர்ந்த மரத்தின் குலை ஒன்று 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் 40 குலைகளே 800 கிலோ ஆகிவிடும். ஓட்டுநரும் இரு தொழிலாளர்களும் சேர்ந்தால் எல்லை வந்துவிட்டது. சரியான எடையை வண்டியின் பதிவு ஆவணத்திலும் கையேட்டிலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டை ஸ்பிரிங்கில் கூடுதல் தகடு சேர்த்தால் வண்டி தாழாது என்பது உண்மைதான். ஆனால் சேசிஸ், அச்சு, பிரேக் எல்லாம் பழையவையே. அதிகச் சுமையில் பள்ளத்தில் விழும் வண்டியின் சேசிஸ் கேபினுக்குப் பின்னால் வளையவோ விரிசல் விடவோ கூடும். பின் பிரேக்கின் அழுத்தத்தைச் சுமைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூடுதல் தகடு பின்புறத்தை உயர்த்தியே வைத்திருப்பதால், சுமை இல்லை என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். முழுச் சுமையில் பின் பிரேக் வலுவிழந்திருக்கும். ஸ்பிரிங்கை மாற்றினால் அதையும் சரிசெய்ய வேண்டும்.

உரம் ஏற்றும் வண்டிக்குத் துருவே பெரிய எதிரி. அம்மோனியம் சல்பேட், பொட்டாஷ் ஆகியவை ஈரத்தோடு சேர்ந்தால் கடல் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். உரம் இறக்கிய அன்றே சுமைப் பெட்டியையும் வண்டியின் அடிப்பகுதியையும் நன்னீரால் கழுவ வேண்டும். சேசிஸின் உட்பக்கம் சேறு தங்கும் இடங்களையும் நீர் வடியும் துளைகளையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

நான்கு சக்கர இயக்கமும் வெள்ளமும்

எச்4, எல்4 நிலைகளைச் சேற்றிலும் வழுக்கும் மண்ணிலும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். காய்ந்த தார்ச் சாலையில் ஓட்டினால் பற்சக்கரங்கள் முறுக்கேறிச் சேதமடையும். அதேவேளை பல மாதம் பயன்படுத்தாமலே விட்டாலும் இறுகிவிடும். மாதம் ஒருமுறை மண் சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டினால் போதும்.

வெள்ளத்தில் எஞ்சின் அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். ஆழமான நீரைக் கடந்து வந்த வண்டியின் முன், பின் டிஃபரன்ஷியல் எண்ணெயைச் சோதிக்க வேண்டும். பால் கலந்த தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்ற வேண்டும். இயக்கத் தண்டின் இணைப்புகளுக்குக் கிரீஸ் அடிப்பதும், பின் டிரம் பிரேக்கைத் திறந்து சேற்றை அகற்றுவதும் அந்த வாரத்திலேயே முடிக்க வேண்டிய வேலைகள்.

பழைய வண்டி வாங்கும்போது

- எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கச் செல்ல வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.
- ஸ்டார்ட் செய்யும்போது புகையைக் கவனிக்க வேண்டும். கறும்புகை என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. நெடுநேரம் நிற்காத வெண்புகை என்றால் எரியாத டீசல் அல்லது உள்ளே கசியும் குளிர்விப்பான்.
- எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். வாயு வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம்.
- ஆட்டோ கியர் வண்டியின் ரேடியேட்டர் நீரில் இளஞ்சிவப்புக் குழம்பு தெரிந்தால் கியர் எண்ணெய் கலந்துவிட்டது. வாங்காமல் இருப்பது நல்லது.
- வண்டிக்கு அடியில் படுத்துச் சேசிஸைத் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். புதிதாகக் கறுப்புச் சாயம் பூசியிருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.
- பெடல் ரப்பர், ஸ்டீயரிங், இருக்கை ஆகியவற்றின் தேய்மானம் மீட்டரோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட வேண்டும்.

உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனை எஞ்சின் எண், சேசிஸ் எண் போன்ற அடையாளங்களைச் சரிபார்ப்பதற்கானது. அதில் தேறியதாலேயே எஞ்சின் நல்ல நிலையில் இருப்பதாகக் கருதிவிடக்கூடாது. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்வதற்கு ஆகும் செலவு வீண்போகாது.

எப்போது போதும் என்று சொல்வது?

ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கிளட்ச், ஸ்பிரிங், ரேடியேட்டர் ஆகியவை தேய்ந்து மாற்றப்படும் பாகங்கள். இவற்றுக்காகச் செலவு வந்தால் வண்டியின் காலம் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. மாத வருமானத்திலிருந்து ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கென ஒதுக்கி வைத்தால் இவற்றைச் சமாளிக்கலாம்.

சேசிஸ் துருவில் ஓட்டை விழுந்தாலோ வளைந்திருந்தாலோ நிலைமை வேறு. எஞ்சினைப் பிரித்துச் சீரமைக்கலாம். அரித்துப்போன சேசிஸில் ஒட்டுப் போட்டு, அதில் ஆட்களையும் சுமையையும் ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. அதுபோல ஓர் ஆண்டின் பழுதுச் செலவு, அதே நிலையிலுள்ள வேறொரு வண்டிக்கான ஓராண்டுத் தவணையைத் தாண்டத் தொடங்கினால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

முன்பெட்டியில் ஒரு 555 புத்தகம்

மளிகைக் கடைக் கடன் கணக்குக்குப் பெயர்பெற்ற அதே 555 குறிப்புப் புத்தகம் ஒன்றை வண்டியின் முன்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். தேதி, மீட்டர் எண், மாற்றிய பாகம், பட்டறை, செலவு என ஐந்து விவரங்களை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். ரசீதுகளை அதனோடு இணைத்து வைக்க வேண்டும்.

தோட்ட வேலைக்கு ஓடும் பழைய வண்டிக்கான சுருக்கக் கணக்கு:

- தினமும்: எண்ணெய் அளவு, குளிர்விப்பான், டயர் காற்று
- வாரம் ஒருமுறை: காற்று பில்டர் பார்வை, அடிப்பகுதிக் கழுவல்
- மாதம் ஒருமுறை: டீசல் பில்டரில் நீர் வடித்தல், நான்கு சக்கர இயக்கம்
- 5,000 கிலோமீட்டர்: எஞ்சின் எண்ணெய், ஆயில் பில்டர்
- 10,000 கிலோமீட்டர்: கிரீஸ், பிரேக் சோதனை
- 10,000 முதல் 20,000 கிலோமீட்டர்: டீசல் பில்டர்
- 40,000 கிலோமீட்டர்: கியர், டிஃபரன்ஷியல் எண்ணெய்
- 100,000 முதல் 120,000 கிலோமீட்டர்: டைமிங் பெல்ட்

வண்டிக்கு வண்டி சற்று மாறும் என்பதால் கையேட்டையும் பார்த்துக்கொள்வது அவசியம். கழற்றிய பழைய எண்ணெயைக் கால்வாயிலோ மரத்தடியிலோ ஊற்றக்கூடாது. சட்டப்படி அது முறையாக அப்புறப்படுத்த வேண்டிய கழிவு. பட்டறையில் ஒப்படைத்துவிடலாம்.

அந்தப் புத்தகம் இருந்தால், அடுத்து எதை மாற்ற வேண்டும் என்பது பழுதாகும் முன்பே தெரிந்துவிடும். நாளை வண்டியை விற்க நேர்ந்தாலும், 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு நியாயமான விலை கேட்க உரிமையாளரின் கையில் அதுவே சான்றாக இருக்கும்.